படையலுக்கு மூக்குப்பொடி

ராமநாதபுரத்திலிருந்து ஆர்.எஸ்.மங்கலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். மறுநாள் அவர்களுடைய கடைசித் தம்பிக்குக் கருமாதி. அக்காவின் மடியில் படையல் சாமான் பை.

"மூக்குப்பொடி வாங்கிட்டேன்" என்றார் அக்கா.

"அவன் என்னைக்குக்கா பொடி போட்டான்?"

"மறந்துட்டியாலே? சின்னப்பிள்ளையில டிவில ஒரு கார்ட்டூன் வருமே. தும்முனா பறப்பான்ல ஒரு வீரன்."

"ஆமா, தோள்ல வேட்டியக் கட்டிக்கிட்டு. தும்மல் வரலைன்னா எல்லார்ட்டயும் அடி வாங்குவான். கிறுக்குப்பய கார்ட்டூன்."

"அதப் பாத்துட்டுத்தான அய்யாவோட பொடிய எடுத்து இழுத்துக்கிட்டு வைக்கப்படப்புல இருந்து குதிச்சான்."

"காலு ஒடிஞ்சு கட்டுப் போடயிலயும், தும்மல் பத்தலைன்னுதான் சொன்னான்."

"அவன் தும்மத் தும்ம அம்மா ஆயுசுக்கு நூறு, இருநூறுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அம்புட்டும் பலிச்சிருந்தா நம்மளையெல்லாம் அவன்தான தூக்கிப் போட்டிருக்கணும்."

தம்பி பைக்குள் இருந்த பொடிப் பொட்டலத்தை எட்டிப் பார்த்தார்.

"படையல்ல பொடி எதுக்குன்னு ஊர்ல கேப்பாகக்கா."

"கேக்கட்டும்."

அக்கா பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தார். ஜன்னல் காற்றில் பொடி பின்னால் பறந்து வந்தது. எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நூறு" என்றார். சொன்ன பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.