காலை எட்டு மணிக்குப் பிறக்கும் நாள்

இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தப்பான தாளில்கூட என் முத்திரை விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. என் பணிப்பதிவேட்டில் 'திருத்தங்கள்' என்ற பக்கம் வெள்ளையாக இருப்பதை நீங்களே பார்த்தீர்கள். இந்த நகரத்தில் அவ்வளவு வெள்ளையான இடம் வேறெதுவும் இல்லை.

தேநீருக்கு நன்றி. நீங்கள் விசாரணை அதிகாரி, கேட்கிறீர்கள்; சொல்கிறேன்.

நகரத்துக் காவல் நிலையங்கள் எழுதும் நாட்குறிப்புப் புத்தகங்கள் மாதம் முடிந்ததும் எங்கள் ஆவணப் பிரிவுக்கு வந்துவிடும். நகல் வேண்டுமென்றால் படிவம் நிரப்பி என் ஜன்னலுக்கு வர வேண்டும். ஜன்னல் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அதை அங்கே வைத்தது நானல்ல. உயர்த்தத் தேவையில்லை என்று கோப்பில் எழுதியதுதான் நான். வருகிறவர்கள் எல்லோரும் இடுப்பை வளைத்து, கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்து, ஒரே பாட்டைப் பாடுவார்கள். "கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்க சார், அங்கதான் இருக்கும்." மதிய இடைவேளையில் இதைக் குனிந்து நடித்துக் காட்டுவேன். முதுகெலும்பு உள்ளவன் இப்படிக் கேட்பானா என்பேன். அலுவலகமே சிரிக்கும். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட என் உதவியாளர் கண்ணாடி அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். அவருக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் குறைவு.

அந்தத் தையல்காரம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்திருந்தார். அவர் தம்பி மெக்கானிக். பன்னிரண்டாம் தேதி விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு கிடங்கு எரிந்து காவலாளி செத்துப்போனார். தீ வைத்தது தம்பி என்று வழக்கு. ஆனால் அந்த நேரத்தில், விளக்கில்லாமல் வண்டி ஓட்டியதற்காக, ஊரின் மறுகோடியில் ஒரு காவல் நிலையத்து பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தானாம். நாட்குறிப்பில் எழுதினார்களாம். அந்த ஒரு வரி வேண்டும்.

எனக்கு அன்று பல்வலி. பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வரி இல்லை. 'பதிவு இல்லை' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். நீதிமன்றம் அதைப் படித்தது. தம்பிக்குப் பத்து வருடம்.

தீர்ப்புக்கு மறுநாள் புத்தகத்தைத் தட்டில் வைக்கப் போனபோதுதான் ஞாபகம் வந்தது. நமக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. காவல் நிலையத்தில் காலை எட்டு மணிக்குத்தான் பிறக்கும். பன்னிரண்டாம் தேதி விடிகாலை நடந்ததைப் பதினொன்றாம் தேதிப் பக்கத்தின் அடியில்தான் எழுதுவார்கள். புரட்டினேன். இருந்தது. தம்பி பெயர், வண்டி எண், மணி நான்கு ஐம்பது, விடுவித்தது ஆறரை. நல்ல கையெழுத்து.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்குப் பணிப்பதிவேடு கிடையாது.

புத்தகத்தை என் நாற்காலிக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் வைத்தேன். சாய்ந்தால் தலையில் இடிக்கும்.

அடுத்த செவ்வாயும் அவர் வந்தார். நான் ஒருபோதும் அவரை விரட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. படிவத்தில் ஏழாவது கட்டம் பதிவு எண். அது நிரப்பப்படவில்லை என்று திருப்பினேன். எண் புத்தகத்துக்குள் இருக்கிறது. புத்தகத்தைப் பார்க்க எண் வேண்டும். விதியை நான் எழுதவில்லை. பிறகு தம்பியின் சம்மதக் கடிதம் கேட்டேன். கொண்டுவந்தார். அதில் சிறை அதிகாரியின் சான்று இல்லை. அதையும் வாங்கிவந்தார். முத்திரை மங்கலாக இருந்தது. இப்படி இரண்டரை வருடத்தில் முப்பத்தொரு விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்தேன். வேறு எந்தப் பிரிவில் கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்.

நாளடைவில் என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு நாள், "உங்க காலர் கிழிஞ்சிருக்கு, கழட்டிக் குடுங்கண்ணா, எனக்குக் கண்ணு உறுத்துது" என்றார். மாற்றுச் சட்டை இல்லை என்றேன். மறுவாரம் வாங்கிக்கொண்டுபோய்ப் புதுக் காலர் வைத்துத் தந்தார். இப்போது போட்டிருப்பது அதுதான். தையலே தெரியாது, பாருங்கள்.

ஒரே ஒரு முறை கொஞ்சம் பதறினேன். "ஏண்ணா, முந்தின நாள் பக்கத்துல ஏதாவது தவறி எழுதிருப்பாங்களோ?"

"போலீஸ்காரங்களுக்குத் தேதி கூடவாம்மா தெரியாது?" என்றேன். கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன்.

மூன்று வருடம் ஆன புத்தகங்கள் காகித ஆலைக்குப் போக வேண்டும். அது விதி. பட்டியலை நானே எழுதினேன். கட்டையும் நானே கட்டினேன். முடிச்சு அழகாக விழுந்தது. லாரி கிளம்பிய மறுவாரம், இனிமேல் தேட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "இவ்வளவு நாள் எனக்காகத் தேடுனீங்களேண்ணா" என்றார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் கால்சட்டையைச் சுருக்க அவர் கடைக்கா போக வேண்டும்? பேச்சோடு பேச்சாக, "எட்டு மணிக்கு முன்னாடின்னா முந்தின நாள் பக்கத்துலதானேம்மா எழுதுவோம். அந்தப் பையனை நான்தானே எழுதினேன்" என்றாராம். ஆனால் ஏட்டின் ஞாபகத்தைச் சரிபார்க்கப் புத்தகம் இல்லை. அதைக் கண்ணால் படித்த இன்னொரு ஆள் உலகத்தில் நான் மட்டும்தான். நான் கையெழுத்துப் போட்டால் தம்பி வெளியே வருவான் என்கிறீர்கள்.

போடுகிறேன். படித்தேன். மறைத்தேன். லாரியில் ஏற்றினேன். மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தவறு செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லாம் விதிப்படி நடந்தது என்பதற்கு எங்கள் அனுப்புகைப் பதிவேடு சாட்சி. முப்பத்தொரு பதில்களும் தேதியோடு அதில் இருக்கின்றன. அதன் நகலையும் இத்துடன் இணைக்க வேண்டும். அது வந்த நிமிடமே கையெழுத்து. அதுவரை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவை நாளைக்கு வரச் சொல்லுங்கள். தம்பி இவ்வளவு நாள் இருந்துவிட்டான், ஓரிரு வாரம்தானே.

நகலுக்காக இன்று காலையே போயிருந்தேன். நான் பணியிடை நீக்கத்தில் இருப்பதால் என் நாற்காலியில் கண்ணாடி அம்மா இருக்கிறார். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"பதிவு எண் இல்லையே சார்."

"அது அந்தப் புத்தகத்துக்குள்ளதாம்மா இருக்கு."

"தெரியும் சார். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே."

பதிவேடு அவர் தலைக்குப் பின்னால், மூன்றாவது தட்டில் இருந்தது. முதுகுப்பட்டையில் இருந்தது என் கையெழுத்து, ஜன்னலுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். நான் இடுப்பை வளைத்தேன். கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்தேன்.

"கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்கம்மா" என்றேன். "அங்கதான் இருக்கும்."