பதினொரு விநாடிக் குரல்

கம்ப்யூட்டரின் முன்பக்க யுஎஸ்பி போர்ட்டை மாற்றுவது பெரிய வேலையே இல்லை, அண்ணே. அழிந்த டேட்டாவை மீட்டுத் தரும் கடையே வைத்திருக்கிற உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கண்டுபிடித்துவிட்டீர்கள். "இது தானா எரியல தம்பி, யாரோ கரன்ட்ட தலைகீழா குடுத்திருக்காங்க" என்று லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள். எனக்கு உங்கள் மேல் மரியாதைதான் வந்தது.

அக்கா நேற்று உங்களிடம் கொடுத்த பென் டிரைவில் இருப்பது ஒரே ஒரு குரல் செய்தி. பதினொரு விநாடி. போன வருஷம் ஒரு காலை, மாமா வேலைக்குக் கிளம்பித் தெருமுனையிலிருந்து அக்காவுக்கு அனுப்பியது. அதன்பின் பாலத்து இறக்கத்தில் அவர் வண்டி நிற்கவில்லை. கீழே ஒரு லாரி நின்றிருந்தது.

அக்காவின் போன் சாகக் கிடந்தபோது அதை பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுத்தவன் நான்தான். மாற்றினேனே தவிரக் கேட்கவில்லை. அடுத்தவர் செய்தியைக் கேட்பது அநாகரிகம்.

தினமும் காலை எட்டே முக்காலுக்கு அக்கா மேசைக்கு அடியில் குனிந்து அதைச் செருகுவாள். நான் அடுத்த அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பேன். மாமா பேசுவார். நடுவில் ஓரிடத்தில் அக்கா ஸ்பீக்கரின் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிறகு கூட்டுவாள். அந்த இடத்தை அவளால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிக் கழுத்துச் செயினில் கோத்துக்கொள்வாள். கடைசியில் மாமா "கதவ தாழ் போட்டுக்காத" என்பார். அதனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு வெறுமனே சாத்தித்தான் இருக்கும். காற்றடித்தால் திறந்துகொள்ளும். அக்கா நிமிர்ந்து பார்ப்பாள். நானும் பார்ப்பேன்.

இது ஒரு மனுஷிக்கு நல்லதா, நீங்களே சொல்லுங்கள்.

இப்படித் தினமும் செருகிப் பிடுங்கி, முன்பக்க போர்ட் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் நாக்கு உடைந்துவிட்டது.

"பின்னாடி செருகிக்கவாடா?" என்றாள்.

"பின்னாடி இருக்கிறது போர்டோட ஒட்டினதுக்கா. அடிக்கடி செருகினா மொத்தமும் போயிடும். நான் முன்னாடி புதுசு மாத்தித் தரேன்."

"எப்ப? அடுத்த ஜென்மத்துலயா?"

"ஞாயித்துக்கிழமை."

"காப்பி ஒண்ணு எடுத்து வைன்னேனே, எடுத்தியா?"

"ஆச்சுக்கா."

மாமா எனக்கு வைத்த பெயரே ஆச்சுதான். மின் கட்டணம் கட்டியாச்சா, ஆச்சு. காலேஜ் அரியர் எழுதியாச்சா, ஆச்சு. பெரும்பாலும் ஆகியிருக்காது. ஆனால் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதைக் கெடுக்க எனக்கு மனசு வராது. காப்பியும் அப்படித்தான்.

ஞாயிறு காலை கேபினெட்டைத் திறந்தேன். உடைந்த போர்ட்டுகளைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். அதிலிருந்து வரும் ஒயர் மதர்போர்டில் போய் உட்காரும் பிளக்கில் ஒரு ஓட்டை அடைத்திருக்கும். யாரும் திருப்பிச் செருகிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதனால் தப்பாகச் செய்வதற்குத்தான் இதில் திறமை வேண்டும். ஊசி தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். மாமா வண்டிக்கு வாங்கிய பிரேக் கேபிள், கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. ஓரமாகத் தள்ளிவிட்டு ஊசியை எடுத்தேன். பிளக்கிலிருந்து மின்சாரம் வரும் சிவப்பு ஒயரையும், திரும்பிப் போகும் கறுப்பு ஒயரையும் ஊசியால் நெம்பி எடுத்து இடம் மாற்றினேன். அரை மணி நேரம் ஆனது. பிறகு என்னுடைய பழைய பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். நாலு விநாடியில் கை சுட்டது. எதையும் சோதிக்காமல் கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

திங்கள் காலை எட்டே முக்காலுக்கு அக்கா செருகினாள். விளக்கு எரியவில்லை. கருகின வாசம் மட்டும் வந்தது. அவள் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து, குழந்தைக்குப் பால் ஆற்றுவது போல ஊதினாள். வெகுநேரம் ஊதினாள்.

"காப்பி இருக்குல்ல தம்பி?"

"தேடிப் பாக்குறேன்க்கா."

அன்று சாயங்காலமே ஒயர்களைப் பழையபடி மாற்றிவிட்டேன். வேலையை அரைகுறையாக விடுவதில்லை.

இனி வீட்டில் அமைதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் எட்டே முக்காலுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கையில் அடுத்த அறையில் மாமா பேசினார். எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து, அவர் இழுக்கிற இழுப்பிலேயே, அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏய், டிபன் டப்பாவ மறந்துட்டேன், பரவால்ல. சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன். கதவ தாழ் போட்டுக்காத."

மூன்று நாள் அப்படியே சொன்னாள். நாலாம் நாள் எனக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். டப்பாவுக்கும் சாயங்காலத்துக்கும் நடுவே நாலு விநாடி குறைகிறது, அண்ணே. குறையோடு எதையும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. சோற்றைப் பிசைந்தபடி நானே நிரப்பினேன்: "பிரேக் சரி பண்ணிட்டானாம் நம்ம ஆச்சு, தைரியமா எடுத்துட்டேன்."

அக்காவின் கரண்டி நின்றது.

"அந்த இடம் உன் காதுல விழக் கூடாதுன்னுதானேடா ஒரு வருஷமா சத்தத்தக் குறைச்சேன்" என்றாள். "அங்க அவர் சிரிப்பாரு. நீ சிரிக்கல" என்றாள். பிறகு எனக்கு ரசம் ஊற்றினாள்.

மறுநாள்தான், அதாவது நேற்று, உங்களிடம் வந்தாள்.

மெமரி சிப் பிழைத்திருக்கிறது, சனிக்கிழமைக்குள் எடுத்துவிடலாம் என்கிறீர்கள். சந்தோஷம். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவள் வந்து கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் அதைக் கேட்டதுகூட இல்லை. பாவம், அக்காவால்தான் அந்த நாலு விநாடியைத் தாங்க முடியாது.