செமித்திரி எந்தப் பக்கம்?

— வழியில யாரைக் கேட்டாலும் என் மூஞ்சியப் பார்த்துட்டு விலகிப் போறாங்க. நீங்களாவது சொல்லுங்க உபதேசியாரே. செமித்திரி எந்தப் பக்கம்?

— நீ யாரும்மா? சிகாமட்டு ஊருக்குப் புதுசா?

— பேரு அங்கம்மா. நாகப்பட்டணத்துல கப்பலேறி வந்தேன். எங்க வீட்டுக்காரரு ஐயாசாமி இங்க தோட்டத்துல ரப்பர்ப் பால் மரம் வெட்டுறாரு. போயிக் கேட்டா, கணக்கெழுதுற கிராணி “ஐயாசாமி செமித்திரியில இருக்கான்”னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. அது வேற தோட்டமா? மலாய்க்காரங்க குடியிருக்கிற கம்பமா?

— முதல்ல உக்காரும்மா. மாதா கோயில் நிழல்ல கொஞ்சம் இளைப்பாறு.

— உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க. அது என்ன பாஷை, அதைச் சொல்லுங்க.

— இங்கிலீஷு. ஆனா கேளும்மா, அதுக்கு மூலம் கிரேக்கம். நான் சாமியாராப் போகணும்னு படிச்சப்ப சொல்லிக் கொடுத்தாங்க. கோய்மெத்தேரியோன்னு பழைய சொல்லு.

— கோயிலுங்களா?

— இல்லம்மா. தூங்க வைக்கிறதுன்னு ஒரு சொல்லு, அதுலேர்ந்து வந்தது. தூங்குற இடம்னு அர்த்தம். வழிப்போக்கருங்க ராத்தங்குற சத்திரத்தையும் அப்படிச் சொல்லியிருக்காங்க.

— பகல்ல தூங்குற ஆளில்லீங்க அவரு. கல்யாணத்தன்னைக்குக்கூட வரப்பு வெட்டப் போனவரு.

— தெரியும்மா. ஐயாசாமியை எனக்குத் தெரியும். கப்பல்ல வந்தவங்களை ஏத்திக்கிட்டு வடக்கேருந்து ரயில் வந்தா ஓடிப் போயி நிப்பான். நீ வந்தா சேத்துல கால் வெக்கக் கூடாதுன்னு வீட்டு வாசல்ல பலகை போட்டு வெச்சிருந்தான்.

— பலகையா? எனக்கா?

— உனக்குத்தான்.

— சத்திரத்துல படுத்தவங்க விடிஞ்சா எந்திரிச்சுப் போவாங்கள்ல?

— போவாங்க. அப்புறம் கிறிஸ்தவங்க அந்தப் பேரை வேற ஒரு இடத்துக்கு வெச்சாங்க. அங்க படுத்தவங்களும் எந்திரிப்பாங்கன்னு நம்பித்தான் வெச்சாங்க.

— எப்போ எந்திரிப்பாங்க?

— அது... ஆண்டவருக்குத்தாம்மா தெரியும்.

— அது வரைக்கும் நான் அந்தப் பக்கத்துலயே ஒரு குடிசை போட்டுக்கலாமா?

— அங்கம்மா, கேளும்மா. இன்னும் சுத்தி வளைக்க என்னால முடியல. ஆறு பொங்கி ஊருக்குள்ள வந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயம் பூரா காய்ச்சல். ஐயாசாமி பிழைக்கலம்மா. கடைசியில நான்தான் பக்கத்துல இருந்தேன். செமித்திரின்னா கல்லறைத் தோட்டம்.

— தெரியுங்க.

— என்னது?

— லயத்துல பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் என்னைக் கட்டிப்புடிச்சு எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டா. நீங்க பல பாஷை படிச்சவருன்னும் அவதான் சொன்னா. அந்தச் சொல்லுக்கு வேற ஏதாச்சும் அர்த்தம் இருக்கும்னுதான் ஓடி வந்தேன்.