பழகத் தெரியாத பிள்ளை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் இளம் தாய், மகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் அண்ணியிடம் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு, 'மத்த புள்ளைங்களோட பழகத் தெரியல'ன்னு ரிப்போர்ட் கார்டுல எழுதியிருக்காங்க அண்ணி."

"நம்ம தெருவுல இவ பழகாத வூடே கெடையாதே!"

"அதான் நேரா போயிட்டேன். பாத்தா, கடைசி பெஞ்சுல இவள மட்டும் தனியா ஒக்கார வெச்சிருக்காங்க. மீன் நாத்தம் அடிக்குதாம். மீன் கூடை தூக்குற கையாலதான நான் தலை பின்னி வுடுறேன்?"

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "நீ சும்மாவா வந்த?"

"வருவனா? பழகத் தெரியாதது எம்புள்ளைக்கா ஒங்களுக்கான்னு கத்துனேன். டீச்சரு தலைய குனிஞ்சுக்கிட்டாங்க. இவ என்னாடான்னா, 'போதும்மா, டீச்சரு அழுதுடுவாங்க'ன்னு என் கைய புடிச்சி இழுக்குறா."