ஆல்பத்தில் கறுத்த குங்குமம்

மரக்காணத்தில் நான் ஏறிய புதுச்சேரிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் டிஜிட்டல் கேமரா. பக்கத்தில் அவருடைய அக்கா கணவர். ஆல்பம் ஒன்றைப் புரட்டியபடி அவர்தான் ஆரம்பித்தார்.

“உன் சாப்ட்வேருக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்க நெத்தி மேல என்னா கோவம் மச்சான்?”

“அதெல்லாம் இல்ல மாமா. ஃபிளாஷ் போட்டா கண்ணு செவப்பா விழும். செவப்பைக் கறுப்பாக்க ஒரு பட்டன் இருக்குது. மொத்தப் படத்துக்கும் சேத்து அமுக்கிட்டேன்.”

“அதான் வளைகாப்புக்கு வந்த அத்தினி பேரு குங்குமமும் கரியாப் பூடுச்சா? சுமங்கலிங்க நெத்தியில கரியப் பூசிட்டான், அபசகுனம்னு எங்கம்மா ஒரே பேச்சு. உங்கக்கா நெறமாசத்துல சோறு துன்னாம அழுவுறா. பழைய படத்தையே பிரிண்ட் போட்டுக் குடு.”

“பழசு இல்ல மாமா. எது நல்லா இருக்குதுன்னு நாலு சாப்ட்வேர் போட்டுப் பாத்தேன். நாலாவதுல, பழசு மேலயே சேவ் பண்ணிட்டேன்.”

“பொண்ணு பாக்கறவன்கூட இத்தினி பாக்க மாட்டான். பாத்துப் பாத்துப் புடிச்ச பாரு. சரி, பாண்டியில ஒரு குங்கும டப்பா வாங்கு. படத்துல ஒவ்வொருத்தி நெத்தியிலயும் நீயே வெச்சு உடு.”

வெளியே உப்பு மேடுகள் போய்க்கொண்டிருந்தன. கேமராக்காரர் ஆல்பத்தை வாங்கி ஒரு படத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“பளபளா பேப்பர்ல குங்குமம் ஒட்டாது மாமா. சொரசொரன்னு இருக்கற மேட் பேப்பர்ல பிரிண்ட் போட்டுடலாமா?”