மரகதப்புறா இறங்கிய அமாவாசை

பறவைகளுக்குத் தீனி வைக்கிறவன் தட்டை ஒரே இடத்தில் வைக்க வேண்டும். இடம் மாறினால் அதுகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கதவைப் பற்றித்தான் கேட்டீர்கள். நான் இங்கிருந்துதான் அதற்கு வர வேண்டியிருக்கிறது.

போடியில் எங்கள் வீட்டுக் கொல்லை மலையைப் பார்த்தது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, சுவரோரமாக ஒரு மண் தட்டில் கம்பும் சோளமும் போடுவேன். பஜாரில் ஸ்டூடியோ நடத்துகிறவன் நான். பகலெல்லாம் கல்யாண ஜோடிகளையும் பாஸ்போர்ட் முகங்களையும் எடுத்துச் சலித்துப்போனவன். காலையில் சாக்குத் திரைக்குப் பின்னால் காமிராவோடு உட்காரும் நேரம்தான் எனக்கென்று இருந்தது. தினைக்குருவி, மைனா, புள்ளிப்புறா எல்லாம் வந்தன. புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பெயர் கண்டுபிடித்தேன்.

இடைஞ்சல் காக்காய்தான். என் மனைவி சொர்ணலதா, செத்துப்போன தகப்பனாருக்காகக் காக்காய்க்குச் சோறு வைக்காமல் அமாவாசையன்று ஒரு பருக்கை வாயில் போட மாட்டாள். காக்காய் வந்தால் மற்றது எதுவும் இறங்காது. எத்தனை தடவைதான் சொல்வது?

"வாசப்பக்கம் வையி" என்றேன்.

"அங்கன நாய் தின்னுட்டுப் போகுதுங்க. எங்கப்பா பசியோட நிப்பாக."

நான் சண்டை போடவில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நான் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கொல்லைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்தேன். நான் திரைக்குப் பின்னால் இருக்கும்வரை அது போட்டிருக்கும். அவளும் பழகிக்கொண்டாள்.

தை அமாவாசையன்று மரகதப்புறா வந்தது. மலைக்காட்டை விட்டு அது கீழே வருவது அபூர்வம். சுவர் மேல் உட்கார்ந்து தட்டையே பார்த்தது. அப்போதுதான் அடுப்படியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் சீறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கதவைத் தட்டினாள்.

காக்காய்ச் சோற்றுக்குத்தான் தட்டுகிறாள் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய்.

"ஏங்க, தொறங்க. சேலையில பத்திக்கிச்சுங்க. தண்ணி, தண்ணி" என்றாள். தெளிவாகக் கேட்டது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கருகல் வாடையும் வந்தது.

எழுந்தால் புறா போய்விடும். இறங்கட்டும், ஒரே ஒரு படம், அப்புறம் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் தட்டத் தட்ட அது சுவரை விட்டு இறங்கவே இல்லை. தட்டுவது நின்ற பிறகுதான் இறங்கியது.

மச்சினன் மலைச்சாமி என்னைக் கொலைகாரன் என்கிறான். தங்கச்சியைப் பறிகொடுத்தவன், பேசத்தான் செய்வான். எனக்கு அழுகை வரவில்லை. அவள் பிணத்தை எடுத்த அன்று சாயங்காலமே ஃபிலிமைக் கழுவிப் பார்த்தேன். புறா கலங்கித் தெரிகிறது. நான் பட்டனை அழுத்தின நேரம் பார்த்துக் கடைசியாக ஒரு தடவை கதவில் வந்து மோதினாள்; புறா துள்ளிவிட்டது.

அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், ஐயா.