வருகை நாள்

உக்காருங்க முனவ்வர் ஆன்ட்டி, நர்ஸ் உள்ள இருக்காங்க. டீ வாங்கியாரட்டுமா? அய்யோ, நோன்புல இருக்கீங்க இல்ல... மறந்துட்டேன்.

நேத்து அம்மா சுருண்டு விழுந்தப்ப நீங்க மட்டும் ஆட்டோல தூக்கிப் போட்டுக்கினு வர்லன்னா அங்கயே போயிருப்பாங்க. இல்ல, சொல்ல விடுங்க. போன் பண்ணீங்கன்னு தெரியும். கம்பெனி உள்ள போன் விடமாட்டாங்க, பஸ்ஸுல பாத்தா சார்ஜ் இல்ல. வீட்டுக்கு வந்தா கதவு தொறந்து கெடக்குது. அரிசி பாதி களைஞ்சபடி இருக்குது, டிவி ஓடுது, அம்மா செருப்பு வாசல்ல. ஆள் இல்ல.

இன்னா நெனச்சேன் தெரியுமா? சிரிக்கக் கூடாது. வருகை வந்துடுச்சின்னு நெனச்சேன்.

எங்க சபையில சொல்வாங்க ஆன்ட்டி. உலகம் அழியறதுக்கு முன்னாடி ஆண்டவர் வந்து சபை ஜனங்கள மட்டும் ஒரு நொடில பரலோகத்துக்கு எடுத்துக்குவாராம். செருப்பு, துணியெல்லாம் போட்டது போட்டபடி கெடக்கும். மிச்சப் பேரு இங்கயே மாட்டிக்கினு சாவணும். டிவில ஒருத்தன் நாடு நாசமாப் போவுதுன்றான், இன்னொருத்தன் எனக்கு ஓட்டுப் போடு, சொர்க்கமாக்கிடறேன்றான். ரெண்டு பேரையும் நான் நம்பறதில்ல. எம்.காம் படிச்சிருக்கேன். ஆனா இத நம்பிட்டேன். என்ன மட்டும் விட்டுட்டுப் போய்ட்டியேம்மான்னு தரைல உக்காந்து அழுதேன். அப்புறம் தான் உங்க பையன் பக்கத்து வீட்லேர்ந்து ஓடியாந்து விஷயத்தச் சொன்னான்.

டாக்டரா? இன்னிக்கி தாண்டறதே கஷ்டம்னுட்டாரு.

காலைல கண்ணு தொறந்தாங்க. வலிக்கு ஊசி போட்டிருக்குது இல்ல, ஒரு மாதிரி மயக்கம். லைட்ட பாத்தாங்க, வெள்ள கோட்டுப் போட்டவங்கள பாத்தாங்க. என் கையப் புடிச்சி, கெசியா, நீயும் வந்துட்டியான்னாங்க. எங்கேம்மான்னு கேக்க வாயெடுத்தேன். அப்ப தான் புரிஞ்சிது.

ஆமாம்மா, வந்துட்டேன்னு சொல்லிட்டேன்.

மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம் ஆன்ட்டி. நான் டிகிரி வாங்கினப்ப கூட பாக்கல.

இல்ல, எழுந்திரிக்காதீங்க. ஒரு நிமிஷம். பாஸ்டர் வந்து பாத்துட்டுப் போனாரு, சித்தி வந்தாங்க, அவங்கல்லாம் சபைக்காரங்க, உள்ள போலாம். நீங்க... எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தான் இவ்ளோ நேரம் ஒளறிக்கினு இருக்கேன். பழத்த எங்கிட்ட குடுங்க, நான் குடுக்கறேன். கோச்சிக்காதீங்க.

உங்கள பாத்தா, இது ஆஸ்பத்திரின்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்.